சோழவரத்து ஏரியும் தொழுவத்து எருவும்

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் பெருவழியில் செங்குன்றத்தைக் கடந்து சற்றுத் தொலைவு சென்றால், மேற்குப் பக்கத்தில் நெடிய ஏரிக்கரை ஒன்று நம்முடன் கூடவே வரும். அதுவே சோழவரம் ஏரி. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத் தளமும், பின்னர் அதன்மீது நடந்த கார்ப் பந்தயங்களும் இவ்வூரின் பெயரைப் பத்திரிகைகளில் அடிபடச் செய்தன. ஆனால் நம் கட்டுரை அந்த வேகத்தைப் பற்றியதன்று. நின்று தேங்கும் நீரைப் பற்றியும், அந்நீரை நோக்கி மெல்ல நகர்ந்து வரும் சாணத்தைப் பற்றியும் சில செய்திகளை நம் குடும்பத்தார் முன் வைக்க விழைகின்றோம்.

1772ஆம் ஆண்டளவில் ‘ஏழு கிணறு’ தோண்டப்பட்டபோது, சென்னைக் கோட்டையின் தாகம் அந்தக் கிணறுகளோடு அடங்கிவிட்டது. நகரம் பெருத்தது, கிணறுகள் போதவில்லை. 1860களில் ஃப்ரேசர் என்ற பொறியாளர் வகுத்த திட்டத்தின்படி, கொசஸ்தலையாற்றின் குறுக்கே தாமரைப்பாக்கத்தில் அணை கட்டி, அந்நீரைச் சோழவரத்துக்கும், அங்கிருந்து புழல் ஏரிக்கும் திருப்பினார்கள். 1872 முதல் புழல் நீர் திறந்த கால்வாய் வழியே கீழ்ப்பாக்கம் வந்தது. அது வடிகட்டப்படாத நீர். மேட்லி என்ற பொறியாளரின் முயற்சியால் 1914ல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் அமைந்த பின்னரே நகர மக்கள் ஓரளவு தெளிந்த நீரைக் கண்டனர். 1944ல் பூண்டி நீர்த்தேக்கம் எழுந்தது. 1996ல் கிருஷ்ணை நீரும் பூண்டிக்கு வந்து சேர்ந்தது. இத்தனை மாற்றங்களுக்கு நடுவிலும், ஏறத்தாழ 108 கோடி கன அடி கொள்ளும் சோழவரம் ஏரி தன் பணியை விடாமல் செய்து வருகின்றது. சென்னையில் நாம் ஒளூச் செய்யத் திறக்கும் குழாயில் அதன் பங்கும் உண்டு.

நீர் எப்போது கெடுகிறது என்ற வினாவுக்கு நம் இமாம்கள் நுணுக்கமான விடை தந்துள்ளனர். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் மத்ஹபில், இரண்டு ‘குல்லா’ அளவுக்குக் குறையாத நீரில் அசுத்தம் விழுந்தால், அதன் நிறமோ சுவையோ மணமோ மாறினாலன்றி அந்நீர் அசுத்தமாகாது. ஏரியோ பல்லாயிரம் குல்லாக்களைக் கொண்டது. ஆகவே சாணம் சிறிது கலந்தால் என்ன என்று ஒருவர் கேட்கலாம். தூய்மை என்னும் மார்க்கச் சட்டத்தைப் பொறுத்தவரை அவர் கேட்பது நியாயமே. ஆனால் தீங்கு என்பது வேறொரு வாயில். தேங்கி நிற்கும் நீரில் சிறுநீர் கழிப்பதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்பது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ள செய்தி. நீர் நிறம் மாறட்டும், பிறகு பார்ப்போம் என்று அவர்கள் காத்திருக்கச் சொல்லவில்லை.

சாணத்திலும் மாட்டு மூத்திரத்திலும் இருந்து நீரில் இறங்கும் பொருள்களில் ஒன்று நைட்ரேட். அதற்கு நிறமில்லை, மணமில்லை, நாம் அஞ்ச வேண்டிய அளவில்கூட நாவுக்குத் தெரியும் சுவையும் இல்லை. மூன்று அடையாளங்களுக்கும் அது தப்பிவிடுகின்றது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். 1945ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து மருத்துவர் காம்லி, கிணற்று நீரில் கரைத்த பால்மாவு உண்ட பச்சிளங் குழந்தைகள் உடல் நீலம் பாரித்ததைக் கண்டு, அதற்குக் காரணம் கிணற்றிலிருந்த நைட்ரேட்டே என்று எழுதினார். கைக்குழந்தைக்குப் புட்டிப்பால் கரைக்கும் தாய்மார் நம் வீடுகளிலும் உண்டு. நீரைக் காய்ச்சினால் கிருமி மடியும், நைட்ரேட் போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும்.

மற்றொரு பொருள் பாஸ்பரஸ். நம் உழவர் மொழியில் மணிச்சத்து. இது குடிப்பவரை நேரே தாக்குவதில்லை. பாசிக்கு விருந்து வைப்பதே இதன் வேலை. பள்ளிவாசல் ஹவுளு பச்சை பூத்து நிற்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம். அந்தப் பச்சையில் சில இனங்கள் நஞ்சு சுரப்பவை. மைக்ரோசிஸ்டிஸ் என்பது அவற்றுள் பெயர் பெற்றது. தமிழகத்து நீர்நிலைகளுக்கு அது புதிய விருந்தாளியன்று. நீரியல் அறிஞர் எஸ்.வி. கணபதி, கோயில் குளம் ஒன்றில் மைக்ரோசிஸ்டிஸ் நிலையாகப் படர்ந்திருந்ததை ஆராய்ந்து 1940ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் கட்டுரை வெளியிட்டார். பாசி மண்டும், மடியும், மடிந்தது அழுகும்போது நீரிலுள்ள உயிர்க்காற்று தீரும், மீன் செத்து மிதக்கும். ஏரிக்கு ஊட்டம் மிகுந்து வரும் நோய் இது. மனிதருக்கும் அப்படியொரு நோய் இருப்பதை நம் விருந்துகள் அறியும்!

ஏரியில் நோயாகும் இதே தழைச்சத்தும் மணிச்சத்தும் வயலில் செல்வமாய் இருந்தன. சாணத்தின் வரலாறே அது வயலுக்குப் போனதா, வாய்க்காலுக்குப் போனதா என்பதில் அடங்கியிருக்கின்றது. திருமறையின் ‘அந்நஹ்ல்’ அத்தியாயம், 66ஆம் வசனம், கால்நடைகளின் வயிற்றில் சாணத்துக்கும் குருதிக்கும் இடையிலிருந்து தூய பால் புறப்படுவதைப் படிப்பினையாகச் சுட்டுகின்றது. பாலை எடுத்துக்கொண்ட நாகரிகங்கள், மிஞ்சியதை என்ன செய்தன?

ஸ்பெயினில் முஸ்லிம்கள் ஆண்ட காலத்தில், பதினோராம் நூற்றாண்டில், துலைத்துலா நகரில் வாழ்ந்த இப்னு பஸ்ஸால் என்ற வேளாண் அறிஞர் மண்ணையும் எருவையும் வகை பிரித்து நூல் செய்தார். அவருக்கு அடுத்த நூற்றாண்டில் இஷ்பீலியாவின் இப்னுல் அவ்வாம் எழுதிய ‘கிதாபுல் ஃபிலாஹா’வில் எருவுக்கென்றே தனிப் பகுதி உண்டு. எந்த விலங்கின் எரு எத்தகையது, எவ்வளவு காலம் மக்க வேண்டும், எந்தப் பயிருக்கு எது ஒவ்வாது என்றெல்லாம் அவர்கள் அளந்து பேசினார்கள். அதே இஷ்பீலியாவில் இப்னு அப்தூன் எழுதிய நகர ஒழுங்கு நூல், தண்ணீர் சுமப்போர் மொள்ளும் துறையை அழுக்கிலிருந்து காக்குமாறு அதிகாரிகளுக்கு விதி கூறுகின்றது. ஃபிக்ஹு நூல்களிலும் இதன் சாயல் உண்டு. சாணத்தை விற்பது செல்லாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. ஹனஃபீ மத்ஹபினர் அதை அனுமதித்தனர். நிலத்தில் இட்டால் விளைச்சல் பெருகும் என்ற பயனையே அவர்கள் அதற்குக் காரணமாகக் காட்டினர். நிலத்துக்குப் போவதால்தான் அதற்கு மதிப்பு!

தமிழ் நிலத்தின் வழக்கத்தையும் சொல்ல வேண்டும். அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக் கிடை, மாட்டுக் கிடை அமர்த்துவார்கள். சாணமும் மூத்திரமும் விழுந்த இடத்திலேயே மண்ணில் சேரும். தொழுவத்தில் சேர்ந்த எருவைக் கோடையில் வண்டி கட்டி வயலுக்கு அடித்துவிடுவார்கள். மழையில் கரைந்து ஏரிக்குப் போன சத்தும் வீணாவதில்லை. கோடையில் ஏரி வற்றியதும் அடியில் படிந்த வண்டலை வெட்டி வயலுக்கே கொண்டு போவார்கள். குடிமராமத்து என்னும் ஏற்பாட்டை நாம் ஏரியைக் காத்த ஏற்பாடாக மட்டுமே பேசுகின்றோம். ஏரிக்குள் போன சத்தை மீட்டு வந்த ஏற்பாடும் அதற்குள் இருந்தது. 1858ல் ஆங்கிலேய அரசு சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று இயற்றி இந்த மரபைச் சட்டத்துக்குள் பிடிக்கப் பார்த்தது. மரபு சட்டத்துக்குள் அடங்கவில்லை. 1889ல் இந்திய வேளாண்மையை ஆராய வந்த வோல்க்கர் என்ற ஆங்கிலேய அறிஞர், இந்திய உழவன் சாணத்தின் அருமை தெரியாமல் அதை எரிப்பதில்லை, விறகு இல்லாமையால் எரிக்கின்றான் என்று 1893ல் வெளியான தம் அறிக்கையில் விளக்கினார். அதிகாரிகளின் ஏளனத்துக்கு நடுவே எழுந்த நேர்மையான குரல் அது.

பின்னர் நகரங்கள் பாலுக்குக் கையேந்தின. இங்கேதான் வரலாறு இரண்டு பாதைகளாகப் பிரிகின்றது. நகரத்துத் தொழுவங்களின் அழுக்கைக் கண்டு பொறாத பம்பாய் அரசு, 1949ல் ஆரே காலனியை நிறுவி, ஆயிரக்கணக்கான எருமைகளை ஓரிடத்தில் திரட்டியது. தில்லியிலும் மாட்டுப் பண்ணைகளுக்கென்று குடியிருப்புகள் ஒதுக்கப்பட்டன. பஞ்சாபின் லூதியானாவில் ஹைபோவால், தாஜ்பூர் சாலை ஆகிய இடங்களில் பால்பண்ணை வளாகங்கள் எழுந்தன. மாடுகள் இடம் பெயர்ந்தன. அவற்றுக்கேற்ற வயல்கள் இடம் பெயரவில்லை. விளைவு என்ன? லூதியானாவின் புட்டா நாலா என்னும் நீரோடையில் சாணம் குழம்பாய் இறங்கி, சட்லெஜ் ஆற்றுக்குச் சென்றது. தில்லியின் பல்ஸ்வா ஏரி, அருகிலிருந்த பண்ணைக் குடியிருப்பின் சாணத்தால் சீரழிந்தது.

சென்னையிலும் மாதவரத்தில் பால் காலனி தோன்றியது. சோழவரத்துக்கு அது நெடுந்தொலைவன்று. ஆனால் அங்கே ஆரே அளவுக்கு மாடுகள் குவியவில்லை. 1960களில் கொழும்புத் திட்ட உதவியோடு மாதவரத்தில் பாலைப் பதப்படுத்தும் ஆலை இயங்கத் தொடங்கிற்று. 1970ல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியபோது அதன் நான்கு பெருநகரங்களுள் சென்னையும் ஒன்று. கிராமச் சங்கங்களின் பால் குளிரூட்டப்பட்டு லாரியில் ஏறி நகரத்துக்கு வந்தது. 1981ல் கூட்டுறவு இணையம் அமைந்து, ஆவின் என்ற பெயர் வீட்டுக்கு வீடு பழகிப் போயிற்று. மாட்டைக் கொண்டு வராமல் பாலை மட்டும் கொண்டு வந்த இந்த ஏற்பாட்டால் சாணம் தன் ஊரிலேயே, தன் வயலுக்கு அருகிலேயே தங்கிவிட்டது. நீர்நிலைக் காப்புக்கென்று எவரும் அதைத் திட்டமிடவில்லை. எனினும் இருபதாம் நூற்றாண்டில் நம் நாட்டு ஏரிகளுக்கு வாய்த்த பெரிய பாதுகாப்புகளில் ஒன்று கூட்டுறவுப் பால் சங்கம் என்பது நம் துணிபு.

கடல் கடந்த நாடுகள் வேறு வழி சென்றன. ஆயிரக்கணக்கான விலங்குகளை ஒரே கூரையின்கீழ் அடைத்து, கழிவை நீரால் கழுவி, வெட்டவெளியில் பெருங் குட்டைகளில் தேக்கினார்கள். அத்தகைய குட்டையில் தழைச்சத்தின் பெரும்பகுதி அமோனியாக் காற்றாய்ப் பறந்து வேறெங்கோ மழையோடு இறங்கும். மணிச்சத்து அடிச் சேற்றில் தங்கும். 1995 ஜூன் 21 அன்று அமெரிக்காவின் வட கரோலினாவில் அப்படிப்பட்ட குட்டை ஒன்றின் கரை உடைந்து, ஏறத்தாழ ஒன்பதரைக் கோடி லிட்டர் கழிவு வயல்களின் மேலாகப் பாய்ந்து நியூ ஆற்றில் கலந்தது. மீன்கள் பெருந்தொகையாய் மடிந்தன. 1997ல் அம்மாநிலம் புதிய குட்டைகளுக்குத் தடை போட்டது. அது பன்றிப் பண்ணை. விலக்கப்பட்ட விலங்கின் கதை நமக்கெதற்கு என்று ஒதுங்கிவிட வேண்டா. பசுவின் சாணத்திலும் ஆட்டின் புழுக்கையிலும் உள்ளவை அதே தழையும் மணியுமே.

இன்னொரு நிகழ்ச்சி நம்மை வியப்பிலும் வருத்தத்திலும் ஆழ்த்துகின்றது. 2014 ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில், அமெரிக்காவின் ஈரி ஏரிக் கரையிலுள்ள ஒரு நகரத்தில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் மூன்று நாள் குழாய் நீரைக் குடிக்கலாகாது, காய்ச்சியும் குடிக்கலாகாது என்று அறிவிக்கப்பட்டனர். மோமி ஆற்றின் வழியே வயல்களின் உரமும் பண்ணைகளின் எருவும் ஏரியில் இறங்கி, மைக்ரோசிஸ்டிஸ் மண்டி, அதன் நஞ்சு குடிநீர்க் குழாய் வரை வந்துவிட்டது. அந்த நகரத்தின் பெயர் டொலிடோ. ஸ்பெயின் நாட்டு டொலிடோவின் பெயரை இட்டுக்கொண்ட ஊர். அந்தப் பழைய டொலிடோதான் அரபியரின் துலைத்துலா. இப்னு பஸ்ஸால் எருவை அளந்த ஊர்.

ஐரோப்பியர் ஒரு கணக்குக்கு வந்தார்கள். 1991ல் அவர்கள் வகுத்த நைட்ரேட் நெறிமுறைப்படி, மாசுக்கு இலக்காகக்கூடிய பகுதிகளில் ஒரு ஹெக்டேர் நிலத்துக்கு ஓராண்டில் கால்நடை எருவின் வழியே 170 கிலோ தழைச்சத்துக்கு மேல் இடலாகாது. அதாவது, உன்னிடம் எத்தனை மாடு என்று மட்டும் கேட்காதே. எவ்வளவு நிலம் என்றும் கேள் என்பதே அதன் பொருள்.

இக்கணக்கைச் சோழவரத்துக்குப் போட்டுப் பார்ப்போம். பசு ஒன்று நாளொன்றுக்குப் பத்து முதல் பதினைந்து கிலோ சாணமிடும். நூறு மாடுகள் நிற்கும் பண்ணையில் ஆண்டுக்கு 365 முதல் 550 டன் வரை சேரும். மக்கி எருவாகும்போது ஏறக்குறையப் பாதியாகக் குறையும் என்று கொண்டாலும், ஏக்கருக்கு ஐந்து டன் என்ற வழக்கமான அளவில் இட முப்பத்தைந்து முதல் ஐம்பத்தைந்து ஏக்கர் வேண்டும். ஒரு காலத்தில் இவ்வட்டாரத்தில் நிலத்துக்குப் பஞ்சமில்லை, நெல் விளைந்தது, செங்குன்றத்தின் அரிசி ஆலைகள் அதற்குச் சான்று. இன்றோ நெடுஞ்சாலையின் இரு மருங்கிலும் கிடங்குகளும் மனைப்பிரிவுகளும் எழுந்துவிட்டன. வடக்கே கும்மிடிப்பூண்டி வரை தொழிற்சாலைகள். வயல் கிடங்கானது, மாடு மட்டும் அங்கேயே நிற்கின்றது. கேட்பாரற்ற சாணம் பள்ளத்தை நாடும். இப்பகுதியின் பள்ளமெல்லாம் ஏதோ ஓர் ஏரிக்குச் செல்லும் வழியே.

சாண எரிவாயுக் கலன் இதற்கு மருந்து என்று பலர் சொல்கின்றனர். 1939ல் தில்லி வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் எஸ்.வி. தேசாய் தொடங்கி வைத்த முயற்சி அது. பின்னர் கதர் கிராமத் தொழில் ஆணைக்குழு அதை ஊர்தோறும் பரப்பியது. இருபத்தைந்து கிலோ சாணம் ஒரு கன மீட்டர் வாயு தரும். புகையில்லா அடுப்பு எரியும். வோல்க்கர் சொன்ன விறகுக் குறையும் தீரும். நல்லதே. ஆனால் கலன் தின்பது சாணத்திலுள்ள கரிச்சத்தை மட்டுமே. தழையும் மணியும் ஏறத்தாழக் குறையாமல் கரைசலாக வெளியே வரும். அக்கரைசலை வாய்க்காலில் திறந்துவிட்டால், ஏரிக்கு நேர்வது முன்பு நேர்ந்ததே. வாயு கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் இதை மறந்துவிடுகின்றார்கள்.

ஆகவே கலனோ குழியோ எதுவாயினும், வண்டி வயலுக்குப் போயாக வேண்டும். அருகில் வயல் இல்லையென்றால், எருவின் எடையைக் குறைத்துத் தொலைவிலுள்ள வயலுக்கு அனுப்ப வேண்டும். இதற்கு முதற்படி, தொழுவத்தை நீர் பாய்ச்சிக் கழுவுவதற்கு முன் சாணத்தை அள்ளிவிடுவது. கெட்டியாக இருக்கும்வரை அது எரு. நீர் கலந்துவிட்டால் கழிவு. நம் பாட்டிமார் கூடையும் கையுமாக விடியலில் செய்தது இதைத்தான். குழாயும் மோட்டாரும் வந்தபின் அள்ளுவதைக் காட்டிலும் அடித்து விடுவது எளிதாகிவிட்டது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020ல் பால்பண்ணைகளுக்கும் கோசாலைகளுக்கும் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும், சாணத்தை வாய்க்காலில் விடாமல் எருவாகவோ வாயுவாகவோ மாற்றச் சொல்கின்றன.

நம் வட்டாரத்தில் இதனுடன் ஒரு நாள்காட்டியும் சேர்கின்றது. மேலை நாடுகளைப் போல் ஆண்டு முழுவதும் பரவலாக மழை பெய்யும் ஊரன்று இது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை சில நாட்களில் கொட்டித் தீர்க்கும். சோழவரம் ஏரி நிரம்புவது அப்போதுதான். கரைமேட்டிலும் தெருவோரத்திலும் குவிந்த எரு கரைவதும் அப்போதுதான். நமக்கு நீர் தரும் அதே மழை, அதே வாய்க்கால் வழியே சத்தையும் கொண்டு வருகின்றது. கோடையில் எருவடித்து, எஞ்சியதை மழைக்கு முன் ஓலையால் மூடி வைத்த பழைய உழவர்கள் பயிருக்காகவே அப்படிச் செய்தார்கள். ஏரிக்கும் அது காவலாயிற்று.

தோல் தொழிலில் நம் சமுதாயத்தவர் பட்ட அனுபவத்தையும் மறைக்க வேண்டியதில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் அத்தொழில் பல குடும்பங்களை வாழ வைத்தது. பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், மாசுபடுத்துவோரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு கசந்தது உண்மை. ஆனால் ஆண்டுக்கொருமுறை ஹஜ்ஜுப் பெருநாளில் நம் தெருக்களில் குர்பானி கொடுத்தபின் எஞ்சும் இரைப்பைக் கழிவையும் சாணத்தையும் சாக்கடையில் தள்ளும்போது, நாமும் அதே கணக்கில் ஒரு வரி எழுதுகின்றோம். தென்னந்தோப்பில் ஆழமாய்க் குழி வெட்டி மூடும் ஜமாஅத்துகள் உண்டு; அந்தத் தென்னைகளின் காய்ப்பைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் நான்கும் வற்றின. சோழவரத்தின் தரை பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்தது. அந்த வெடிப்புகளுக்குக் கீழே இருந்தது வெறும் மண்ணன்று. பல மழைக்காலங்கள் கொண்டு வந்து சேர்த்த தழையும் மணியும் அதில் அடங்கியிருந்தன. ஏரியின் அடியில் உயிர்க்காற்று தீரும்போது சேற்றில் கட்டுண்ட மணிச்சத்து மீண்டும் நீருக்குள் அவிழும். ஆகவே வெளியிலிருந்து வரும் கழிவை இன்றே நிறுத்தினாலும் பாசி சில ஆண்டுகள் தொடரக்கூடும். அதை அகற்ற வண்டலை வெளியே எடுப்பது நல்ல வழி. 2017 மார்ச்சில் தமிழக அரசு மணிமங்கலம் ஏரியில் குடிமராமத்துத் திட்டத்தைப் புதுப்பித்துத் தொடங்கியது. அவ்வாண்டிலேயே ஏரிகளின் வண்டலை உழவர்கள் கட்டணமின்றி எடுத்துச் செல்லவும் வழி செய்யப்பட்டது. செங்கல் சூளைக்கும் மனை மேடாக்கவும் போகாமல், அந்த வண்டல் வயலுக்குப் போகும் ஊர்களில்தான் பழைய சுற்று மீண்டும் தொடங்கியிருக்கின்றது.